டிக்கெட் கேட்காத இடங்கள்

சென்னையைச் சுற்றிப் பார்க்கக் கை நிறையக் காசு வேண்டும் என்று சொல்கிறவர்கள் முத்துச்செல்வியைப் பார்த்ததில்லை. ரயிலுக்கு ஒரு டிக்கெட், ஒரு டப்பா புளிசாதம், அவ்வளவுதான் அவள் கணக்கு. நகரத்துக்குள் பெண்களுக்குக் காசில்லாத பஸ் ஓடுகிறது. அது வருகிறவரை வெயிலில் நிற்பாளே தவிர மற்ற பஸ்ஸில் கால் வைக்க மாட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில் இருக்கும் கம்பெனி ஹாஸ்டலில் இருந்து பத்துப் பதினைந்து பெண்களைக் கிளப்பிக்கொண்டு போவாள். கடல், கோயில், சர்ச், நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்காத கோட்டூர்புரம் நூலகம் என்று காட்டிவிட்டு, ஏழு மணிக்குள் கேட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். ஹாஸ்டலில் அவளுக்குப் பெயரே சண்டே அக்கா.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கத்து ஊர். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரகடத்துக்கு வந்தாள். காருக்குள் ஓடும் வயர்களை அளந்து, சேர்த்து, டேப் சுற்றிக் கட்டாக்கி அனுப்பும் கம்பெனி. வந்து ஒன்றரை வருஷம் அவள் பார்த்த சென்னை, கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தெரிந்த சென்னைதான். அதாவது இன்னொரு கம்பெனியின் மதில் சுவர். அம்மா போனில், “கடலப் பாத்தியாட்டி?” என்று கேட்டபோது, பார்த்தேன் என்று கூசாமல் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த ஞாயிறே தனியாகக் கிளம்பிப் போய் முழங்கால் வரை நனைந்துவிட்டு வந்தாள். அந்த ஒரு நாள் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எந்த இடத்துக்கும் முதலில் தான் மட்டும் போய்ப் பார்ப்பாள். டிக்கெட் கேட்கிறார்களா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, உட்கார நிழல் உண்டா, பின்னாலேயே வரும் பையன்கள் தொல்லை எப்படி. நாலும் சரியாக இருந்தால்தான் மற்றவர்களைக் கூட்டிப்போவாள். ஒரே ஒரு தடவை பார்க்காமல் போய் மூக்கு உடைந்தது. அடையாறில் பெரிய ஆலமரம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பதினோரு பேரோடு போய் நின்றால், ஞாயிற்றுக்கிழமை கேட் பூட்டு. அந்தப் பூட்டை வைத்து ஹாஸ்டலில் ஒரு வருஷம் சிரித்தார்கள்.

வார்டன் கனகலட்சுமி உள்ளூர்க்காரி. கெட்டவள் இல்லை, பயந்தவள். வயசுப் பெண்கள் நூற்று இருபது பேரை வைத்துக்கொண்டு பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெளியே போகிற ஒவ்வொரு தடவையும் ரெஜிஸ்டரில் எல்லார் பெயரையும் நம்பர் போட்டு எழுதி, கீழே ‘என் பொறுப்பு’ என்று முத்துச்செல்வி கையெழுத்துப் போட வேண்டும். ஏழு மணிக்கு ஒரு பெண் உள்ளே இல்லை என்றால் வார்டன் அவள் வீட்டுக்கு போன் போடுவாள். அந்த போன் போனால் பல வீடுகளில் மறுநாளே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். சுகப்பிரியா வீடு அப்படிப்பட்ட வீடு.

சுகப்பிரியா வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பத்தொன்பது வயது. பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே பாதிதான் கேட்கும். அவள் அப்பா ஆறுமுகநயினார் அரைமனதோடு அனுப்பியவர். ஏதாவது ஒன்று கோணலாகக் கேள்விப்பட்டால் போதும், தயாராக ஒரு மாப்பிள்ளை இருந்தான். இது ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் கம்பெனியில் வரிசையாக நின்று வேலை பார்க்கும் லைனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லைனில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். ஒருத்தி பாத்ரூம் போனால் பக்கத்து நம்பர்க்காரி இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் திடீரென்று பின்னால் வந்து நின்று ஆள் சரியா என்று கேட்பார். வரிசையாக நம்பரைச் சொல்வார்கள். போனவளுக்கும் சேர்த்துப் பக்கத்துக்காரி குரல் கொடுத்துவிடுவாள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. அதைச் செய்யாதவளைத்தான் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். முத்துச்செல்வியும் எத்தனையோ பேருக்கு அப்படிக் குரல் கொடுத்தவள்தான். ஊர் சுற்றும்போதும் அவள் அதே முறையில்தான் எண்ணினாள். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு நம்பர். அவள் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியாவும் கூட வந்தாள். அன்றைக்கு அவள் ஒன்பது, லைனிலும் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் பேச்சி பத்து. மொத்தம் பதினாலு.

காலையில் மயிலாப்பூர் கோயில், அப்புறம் சாந்தோம் சர்ச், மதியம் கடற்கரை. நாலு மணி வாக்கில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள பஸ் ஸ்டாப்பில் எல்லாரையும் நிறுத்தி எண்ணச் சொன்னாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் காசில்லாத பஸ் திரும்பியது. முத்துச்செல்வியின் கண் பஸ்ஸின் மேல் போய்விட்டது. காதில் மட்டும் ஏழு, எட்டு, ஒம்பது, பத்து என்று வரிசை தப்பாமல் விழுந்தது. பதினாலு வந்ததும் ஓடச் சொன்னாள். முன் வாசலில் பாதி, பின் வாசலில் பாதி. சைதாப்பேட்டை வரைக்கும் மூச்சு விட இடமில்லை. அங்கிருந்து செங்கல்பட்டு ரயிலிலும் லேடீஸ் பெட்டி பிதுங்கியது. தாம்பரத்தில்தான் கூட்டம் குறைந்து பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

முத்துச்செல்வி கொய்யாப்பழம் வாங்கினாள். பதினாலு. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனாள். தனக்கு ஒன்று எடுத்த பிறகும் பையில் ஒன்று கிடந்தது.

முதலில் கடைக்காரி ஒன்று கூடப் போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தாள். பிறகு முகங்களைப் பார்த்தாள். சுகப்பிரியா எங்கே என்று கேட்டதற்கு, அந்தப் பெட்டியிலா, இந்தப் பெட்டியிலா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முத்துச்செல்வி போனை எடுத்து அவள் நம்பரை அடித்தாள். மணி அடித்தது. எதிர் சீட்டில், பேச்சியின் மடியில் இருந்த பைக்குள்ளிருந்து அடித்தது.

பேச்சி பையைத் திறக்கவில்லை. போனை எடுக்கவும் இல்லை. அழ ஆரம்பித்தாள். கடற்கரையில் கழிப்பறை வரிசை நீளமாக இருந்ததாம். பையை உள்ளே வைக்க இடம் இருக்காது என்று சுகப்பிரியா அவளிடம் கொடுத்துவிட்டு நின்றாளாம். எண்ணும்போது எப்படியும் வந்துவிடுவாள் என்று இவள் ஒன்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாளாம். முன் வாசலில் ஏறியிருப்பாள் என்று நினைத்தாளாம். கிண்டி தாண்டும்போதே சந்தேகம் வந்துவிட்டது, சொல்ல வாய் வரவில்லையாம்.

முத்துச்செல்விக்கு அவளை அறைய வேண்டும் போலக் கை பரபரத்தது. ஆனால் மணி ஐந்தேகால். சுகப்பிரியாவின் கையில் போன் இல்லை, காசு இல்லை, ஒருத்தர் நம்பரும் மனப்பாடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரையில், பேசத் தெரியாத ஒரு பெண், ஒன்றேகால் மணி நேரமாகத் தனியாக நிற்கிறாள்.

தாம்பரத்தில் நின்றிருந்த ரயில் கிளம்பப் போனது. கூட இருந்தவர்களில் மூத்தவள் அம்சவல்லி. அவள்தான் சட்டென்று வழி சொன்னாள். நீங்களும் பேச்சியும் இறங்குங்கள், நாங்கள் பதினோரு பேரும் போகிறோம், கேட்டில் வார்டன் ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான் எண்ணுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள், ஒன்று, ஒன்பது, பத்து ஆகிய மூன்றுக்கும் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம் என்றாள். முத்துச்செல்வி யோசிக்காமல் சரி என்றாள். சொல்லிவிட்டுப் பேச்சியை இழுத்துக்கொண்டு குதித்தாள்.

எதிர்த்திசை ரயிலுக்குப் பாலம் ஏறி இறங்கும்போதுதான் அந்தச் சரி அவளைக் குத்த ஆரம்பித்தது. கேட்டில் ஒன்பதுக்குக் குரல் வந்துவிட்டால் சுகப்பிரியா பத்திரமாகப் படுக்கையில் இருக்கிறாள் என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் அவளைத் தேட இரண்டே பேர். அவளும், அழுதுகொண்டே பின்னால் வரும் பேச்சியும். சொன்னால் அப்பாவுக்குப் போன் போகும், அவள் வேலை போகும். சொல்லாமல் விட்டு, அவள் கிடைக்காமலும் போனால்?

ரயில் வருவதற்குள் வார்டனுக்குப் போன் போட்டாள். ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டில் யாராவது ஒன்பது என்று குரல் கொடுத்தால் நம்ப வேண்டாம் என்றும் சொன்னாள். கனகலட்சுமி கடைசி வரை கேட்டுவிட்டுப் பேசினாள்.

“இன்னாம்மா பண்ணி வச்சிகினு கீற நீ? ஏழு மணி வரைக்கும் நான் வாயத் தொறக்கல. ஏழு அடிச்சா அவங்க அப்பனுக்கு போன் போட்ருவேன். என் வூட்டுப் பொண்ணா இருந்தா நான் இவ்ளோ நேரம்கூடப் பொறுக்க மாட்டேன்.”

முத்துச்செல்வி போனை வைத்துவிட்டு, வந்த ரயிலில் பேச்சியோடு ஏறினாள்.

சைதாப்பேட்டையில் இறங்கி, காசில்லாத பஸ்ஸை நினைத்துக்கூடப் பார்க்காமல், முதலில் கிடைத்த ஆட்டோவில் ஏறினார்கள். கடற்கரையில் இறங்கும்போது ஆறு இருபது. வெளிச்சம் மங்கிவிட்டது. மதியம் பார்த்ததைப் போல இரண்டு மடங்கு கூட்டம். பலூன், பஜ்ஜி, குதிரை, பிள்ளைகள் என்று எல்லாரும் சந்தோஷமாக இருந்தது முத்துச்செல்விக்கு ஆத்திரமாக வந்தது.

கழிப்பறை வாசலில் காசு வாங்கும் அம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் நினைவு வந்தது. “அந்தப் பொண்ணா? இங்கியே நின்னுகினு இருந்திச்சு. போலீஸாண்ட போய்ச் சொல்லும்மான்னேன். வேணாம், எங்க அப்பாக்கு சொல்லிடுவாங்கன்னு அழுவுது. அஞ்சரை இருக்கும், எவனோ ஒருத்தன் பைக்க நிறுத்தி இன்னாமோ கேட்டான். அதுக்குள்ள எனக்கு ஆள் வந்துட்டாங்க. திரும்பிப் பாத்தா அவனையும் காணோம், அதையும் காணோம்.”

பேச்சி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பைக்கில் ஏறினாளா என்று முத்துச்செல்வி மூன்று தடவை கேட்டாள். பார்க்கவில்லை என்று அந்த அம்மாவும் மூன்று தடவை சொன்னாள்.

போலீஸ் பூத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தார். மைக்கில் சொல்லலாம், என்ன நிற டிரெஸ் என்று கேட்டார். முத்துச்செல்விக்குத் தெரியவில்லை. காலை ஆறு மணியில் இருந்து கூடவே கூட்டிக்கொண்டு அலைந்த பெண் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று தெரியவில்லை. காலையில் எடுத்த போட்டோவைத் திறந்து காட்டினாள். பதினாலு பேரில் பதிமூன்று முகம் பளிச்சென்று இருந்தது. சுகப்பிரியா பின்வரிசையில் யாரோ ஒருத்தியின் துப்பட்டாவுக்குப் பின்னால், ஒரு கண்ணும் நெற்றியும் மட்டுமாக இருந்தாள். பச்சை சுடிதார், மஞ்சள் பூப் போட்டது என்று பேச்சிதான் சொன்னாள். மைக்கில் பெயர் ஒலித்தது. கடற்கரை அது பாட்டுக்கு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது.

மணி ஆறு நாற்பது. சர்வீஸ் ரோட்டில் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாப்பில் இல்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பைக்கும் போகும்போது முத்துச்செல்வி பின் சீட்டைப் பார்த்தாள். இதுவரை கும்பிட்ட சாமி எல்லாம் மனசுக்குள் வந்து போயிற்று. தப்பு செய்தவள் எந்த வாயோடு வேண்டுவது என்றும் இருந்தது.

பேச்சிதான் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். காலையில் சர்ச்சுக்குள் உட்கார்ந்திருந்தபோது, இங்கே யார் வந்தாலும் யாரு என்னன்னு கேட்க மாட்டார்களா என்று சுகப்பிரியா கேட்டாளாம். கேட்க மாட்டார்கள் என்று இவள் சொன்னாளாம். அவ்வளவுதான் பேச்சு. வேறு எந்தத் திசையில் போவது என்றும் தெரியாததால் இருவரும் தெற்கே ஓடினார்கள்.

சாந்தோம் சர்ச்சில் சாயங்காலப் பூசை நடந்துகொண்டிருந்தது. வாசல் வரைக்கும் ஆட்கள். முத்துச்செல்வி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே புகுந்து ஒவ்வொரு வரிசையாக முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். நம்பரில்லை, குரலில்லை, முகம்தான். கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில், மூன்று அம்மாக்களுக்கு நடுவில், பச்சைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சுகப்பிரியா இருந்தாள். மற்றவர்கள் எழுந்தால் எழுந்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். அழுது அழுது கண் சிறுத்துப் போயிருந்தது.

வெளியே கூட்டிவந்து அவள் தலை, கை, தோள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள் முத்துச்செல்வி. பைக்கில் வந்தவன் என்ன கேட்டான் என்று கேட்டாள். ஒரகடம் பக்கம்தான் போகிறேன், இறக்கிவிடுகிறேன் என்றானாம். இவள் ஒன்றும் பேசாமல் நடக்க ஆரம்பித்தாளாம். கொஞ்ச தூரம் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தானாம். சர்ச் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் போய்விட்டானாம். இதைச் சொல்லிவிட்டு சுகப்பிரியா கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“எக்கா, எங்க வீட்டுக்குச் சொல்லிட்டியளா?”

முத்துச்செல்வி மணியைப் பார்த்தாள். ஏழு பத்து. போலீஸ் பூத்துக்கும் வார்டனுக்கும் கிடைத்துவிட்டாள் என்று சொன்னாள். வார்டன் நிம்மதியில் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அப்பாவுக்கு ஏழுக்கே சொல்லியாயிற்று, உன் நம்பரையும் கொடுத்திருக்கிறேன் என்றாள். போனை வைத்த மறு நிமிஷம் அது அடித்தது.

முதலில் மகள் பேசினாள். பேசினாள் என்பதைவிட உம் உம் என்றாள். பிறகு போனை முத்துச்செல்வியிடம் நீட்டினாள்.

ஆறுமுகநயினார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

“யம்மா, எம்புள்ள கூட வரலன்னு ஒனக்கு எப்பம் தெரிஞ்சுது?”

உடனே தெரிந்தது என்று சொல்லலாம். கூட்டத்தில் கைவிட்டுப் போனாள் என்றும் சொல்லலாம். பேச்சிதான் தப்பாகச் சொன்னாள் என்றால் அது பொய்கூட இல்லை. பேச்சி எதிரில்தான் நின்றாள், கையைப் பிசைந்துகொண்டு.

“ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு, அண்ணாச்சி.”

“அதுவரைக்கும் ஒருத்தரும் தேடலியா அவள?”

“இல்ல அண்ணாச்சி. நானும் தேடல. எண்ணிட்டேன்னு நெனச்சுட்டேன்.”

அந்தப் பக்கம் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“நெசத்தச் சொல்லிட்ட. செரி. அவ வேலைக்குப் போவட்டும், அதுக்கு நான் குறுக்க நிக்கல. எல்லாத்தையும் விட்டுட்டு வான்னுதான் சொல்ல நெனச்சேன். சொல்லல. ஆனா இனி ஒங்கூட மட்டும் எம்புள்ள எங்கயும் வரமாட்டா.”

“சரி, அண்ணாச்சி.”

செங்கல்பட்டு ரயிலில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பேச்சி சுகப்பிரியாவின் கையை விடவே இல்லை. வேலை போகவில்லை என்று தெரிந்ததும் சுகப்பிரியாவுக்கு நாலு மாதத்தில் பேசாத பேச்செல்லாம் வந்தது. பூசையில் பக்கத்து அம்மா தலையைத் தடவிக் கொடுத்தது, எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல் முழித்தது, தனியாக நின்றபோது கடல் முதலில் நீலமாக இருந்து அப்புறம் சாம்பலானது எல்லாவற்றையும் சொன்னாள். அவ்வளவு பயத்திலும் அவள் பார்த்திருக்கிறாள்.

இறங்க வேண்டிய சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் நெருங்கும்போது, “அடுத்த மாசம் எங்கக்கா போறோம்?” என்று சுகப்பிரியா கேட்டாள்.

“நீ வரலட்டி. ஒங்கப்பா எங்கூட அனுப்ப மாட்டேன்னுட்டாரு.”

சுகப்பிரியாவின் முகம் சுருங்கியது. பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவுக ஒங்களப் பத்தித் தெரியாமப் பேசுதாவ. நான் சொல்லுதேன் அவுககிட்ட.”

“வேண்டாம்,” என்றாள் முத்துச்செல்வி. “தெரிஞ்சுதான் சொன்னாரு.”